அப்பாசாமி நட்ட சாமி

வாழவந்தி நாட்டில் பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறவன் அப்பாசாமி. திருப்பூர் பனியன் கம்பெனியில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு மலையேறி வந்தவன். டீ சுமார்தான். வாய் மட்டும் முதல் தரம்.

அருவி பார்க்க வருகிற கூட்டம் போட்டுவிட்டுப் போகிற குப்பையைச் சேர்த்துப் பிரிக்க, ஊராட்சியில் ஒரு கொட்டகைக்கு இடம் தேடினார்கள். ஓடைப் பக்கம் கட்டினால் அழுக்கு கிணற்றில் இறங்கும். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆகாது. வண்டி வந்து திரும்பத் தோதாக மிஞ்சியது அப்பாசாமி கடையை ஒட்டிய புறம்போக்குதான். திங்கட்கிழமை சுண்ணாம்புக் கோடு போட வருவதாகச் செயலர் யுவராஜ் சொல்லிவிட்டார். குப்பைக்குப் பக்கத்தில் எவன் உட்கார்ந்து டீ குடிப்பான்? கடை போச்சு என்று இவனுக்குக் கிலி பிடித்துக்கொண்டது.

எங்கள் மலையில் சாமி இருக்கிற இடத்தில் செருப்புக்காலோடு நடக்கக்கூட மாட்டோம். அது போதாதா இவனுக்கு? ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்துப் புறம்போக்கில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றிவிட்டான்.

பெண்சாதி கலைச்செல்வி வந்து பார்த்தாள். "ஏனுங்க, இது என்ர துவைக்கிற கல்லுங்களே!"

"கத்தாத புள்ள. இப்ப அது சாமி."

"அப்ப அழுக்குத் துணிய உங்க தலைமேல போட்டுத் துவைக்கட்டுங்களா?"

யுவராஜ் வந்தார். செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார். சுண்ணாம்பு மூட்டையோடு திரும்பிப் போய்விட்டார்.

ஆனால் சாமி சும்மா இருக்கவில்லை. வேண்டிக்கொண்ட ஒருத்திக்குக் காணாமல்போன ஆடு கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், வெள்ளிக்கிழமைதோறும் பொங்கல், கோழி. கார்க்காரர்களும் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினார்கள். டீ வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அப்பாசாமி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்.

ஆடி வந்தது. எச்சில் இலை, பேப்பர் டம்ளர், கோழி இறகு எல்லாம் கடை வாசலில் குவிந்தன. டீயில் ஈ மிதந்தது. நாங்களே வேறு கடை பார்த்துப் போனோம்.

யுவராஜைக் கடை வாசலுக்கே கூட்டி வந்து கெஞ்சினான். "சார், மொதல்ல சொன்னபடி இங்கியே கொட்டாயக் கட்டிருங்க சார்."

"சாமி எடத்துலீங்களா? ஊரு என்னைய உரிச்சுப்போடும். கடைக்குப் பின்னால உங்க மொளகுக் காடு கெடக்குதில்லீங்க, அதுல ஒரு மூலை குடுங்க."

"அட, அது சாமியே இல்லீங்க சார். என்ர ஊட்டுத் துவைக்கிற கல்லு!"

பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு எழுந்துவிட்டார்கள்.

"சாமியப் பாத்து என்ன பேச்சுங்க பேசறீங்க? வாயக் கழுவுங்க மொதல்ல!"

எல்லாருக்கும் மேலே கேட்டது கலைச்செல்வியின் குரல்.

மூலையைக் கொடுத்தான். கொட்டகை வந்தது. அன்றாடக் குப்பை அன்றன்றே உள்ளே போகிறது. நாங்களும் அவன் டீக்கே திரும்பிவிட்டோம். கொட்டகைச் சுவரில் 'இட உபயம்: அப்பாசாமி' என்று எழுதியிருக்கிறது. எழுத்து பொடிசாக இருக்கிறதென்று பெயிண்டரோடு இன்னமும் மல்லுக்கு நிற்கிறான்.