மேடையில் கொடுத்த தையல் மெஷின்

இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் வந்த ஒரு கம்பெனி ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் தருவதாகப் பஞ்சாயத்தில் சொன்னார்கள். பட்டியலில் பெயர் வந்ததுமே அம்மா தன் பழைய மெஷினைப் பிச்சாட்டூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தைக்குக் கொடுத்துவிட்டாள். நைனாவின் ஒரே தங்கை, ரொம்ப நாளாக ஆசைப்பட்டவள். அம்மா ரவிக்கை தைத்துத்தான் எங்கள் வீட்டில் பாதி நாள் உலை கொதித்தது. புதுசு வருகிற தைரியத்தில் கொடுத்துவிட்டாள்.

விழா வரதய்யபாளையத்தில். அம்மா கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். கம்பெனி ஆள் பதறிவிட்டான்.

"இன்னாம்மா, பட்டு கட்டிக்கினு வந்துகீற? போட்டோல ஏழை மாதிரி தெரியவேணாவா?"

மேடைக்குப் பக்கத்து வீட்டில் நூல்புடவை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு அம்மா ஏழையானாள்.

மேடையில் இருந்தது ஒரே மெஷின். பெண்களோ பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தியாக ஏறி, பெரிய அதிகாரியோடு சேர்ந்து அதன்மேல் கை வைக்க வேண்டும். "நவ்வண்டம்மா, நவ்வண்டி!" என்று போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அம்மா நன்றாகத்தான் சிரித்தாள். நான் கை வலிக்கத் தட்டினேன்.

கூட்டம் கலைந்ததும் மெஷினை வேனில் ஏற்றினார்கள். கேட்டதற்கு, "அடுத்த ஊர்ல ப்ரோக்ராம் கீதும்மா. உங்களுது பின்னாடி வரும்" என்றான் அதே ஆள். வரவே இல்லை, பாவிகள்! பேப்பரில் மட்டும் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்ததாகப் போட்டிருந்தது.

பொங்கலுக்குத் தைக்க வந்த துணிகளை அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தைகிட்ட மெஷினத் திருப்பிக் கேளும்மா. கம்பெனிக்காரங்களே குடுத்துட்டு எடுத்துக்கினு பூட்டாங்களே?" என்றேன்.

முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். "கட்டிக்குடுத்த பொண்ணுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கறதுக்கு நான் இன்னா கம்பெனியாடி? அத்த காதுல இது விழக்கூடாது."

பொங்கலன்று அத்தை வந்தாள், அந்த மெஷினில் எனக்காகத் தைத்த பாவாடையோடு. "அண்ணி, புது மெஷினு எங்க? காட்டேன்" என்றாள்.

"ரிப்பேருக்குப் போய்க்கீது" என்றாள் அம்மா.

பிறகு பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு ஓரத்தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அத்தை தைத்ததில் குற்றம் தேடுகிறாள் என்று நினைத்து, எனக்கு அம்மாமேல்தான் கோபம் வந்தது.