காசிம் பாய் அப்பீல் ஜெயித்த வீடு

டாக்டரிடம் வியாதியை மறைக்கிறவன் நூற்றில் ஒருவன் இருப்பான். வரிக் கணக்கு எழுதுகிறவனிடம் சொத்தை மறைக்காதவன் ஒருத்தனும் கிடையாது.

அறுபதுகளில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வருமான வரிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியேறும்போதே "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்பார்கள். யோசனை கேட்க வருகிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? எல்லாவற்றையும் செய்து தொலைத்துவிட்டு, தலையாட்டச் சொல்லி வருகிறார்கள். இதே தொழிலில் மாரடிக்கிற சகோதரர்களே, காசிம் பாயை உங்களுக்கும் தெரியும். உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர், அவ்வளவுதான்.

பாதி விலை

காசிம் பாய் மலேயாவில் பாடுபட்டுத் திரும்பி, கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒரே மகள் ஜொகரா. அவர்கள் வழக்கப்படி நிக்காஹ் என்றால் பெண்ணுக்கு ஒரு வீடு கொடுக்க வேண்டும். அதற்காகச் சிதம்பரத்தில் ஒரு மாடி வீடு பேசி முடித்தார். அக்ரிமெண்டைக் கொண்டுவந்து காட்டினார். பார்த்தால் பேசிய விலையில் பாதிதான் எழுதியிருக்கிறது! மீதி கையோடு கையாம்.

"யோவ் பாய், நாளைக்கு இதை விற்றால் என்ன ஆகும்? பாதி விலைக்கு வாங்கியதாகத்தானே கணக்கு? வராத லாபத்துக்கெல்லாம் வரி கட்டுவீரா?" என்று கத்தினேன். அவர் நிதானமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "முழு வெல எழுதுனா ஸ்டாம்புக்கு ஜாஸ்தி ஆவும் சார். பாதி எழுதுனா வூடு என்னா சுருங்கியா போயிடும்?"

பாங்கு ஏஜெண்ட்

கையிலிருந்த பணம் பற்றவில்லை. பாங்கில் கடன் கேட்கலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஏஜெண்ட் (அந்தக் காலத்தில் பாங்கு மேனேஜருக்கு அதுதான் பெயர்) அக்ரிமெண்டைப் படித்தார். எழுதியிருந்த விலைக்கு ஏற்றபடி ஒரு தொகை சொன்னார். அது மேல்மாடிக்குக்கூடக் காணாது.

"நெசமான வெல அது இல்லீங்க, இது சும்மா எழுதுனது" என்றார் காசிம் பாய், என்னமோ பெருமையான சங்கதியைச் சொல்வதுபோல. எனக்கு மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. ஏஜெண்ட் அக்ரிமெண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்: "நீங்க எழுதுனதை நான் நம்புறேன் பாய். நீங்களே நம்பலன்னா நான் என்ன பண்றது?"

மச்சான் பேரில்

கடைசியில் மளிகைக் கடையை அடகு வைத்துத் தனியாரிடம் கொள்ளை வட்டிக்கு வாங்கினார். சரி, வாடகை வந்தால் அந்த வட்டியை அதில் கழித்துக்கொள்ளலாம், வரி குறையும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மண்ணாங்கட்டி! பத்திரம் பதிவாகி வந்தபோது வீடு ஜக்கரியா பேரில் இருந்தது. ஜக்கரியா இவருடைய மனைவியின் தம்பி. சிதம்பரம் கீழ வீதியில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி.

"அவன் வரி கட்டுறவன் இல்ல சார், அதான்" என்றார். கடன் இவர் பேரில், வீடு அவன் பேரில். வட்டியைக் கழிக்க வழியே இல்லை. "போகட்டும், வீடு உம்முடையதுதான் என்று அவனிடம் ஒரு காகிதமாவது எழுதி வாங்குமய்யா" என்று மன்றாடினேன். காதைப் பொத்திக்கொண்டார்: "மச்சான்கிட்ட எழுதி வாங்குறதா? எம் பொஞ்சாதி காதுல உழுந்தா எனக்கு வூட்ல சோறு கெடைக்குமா சார்?"

நல்ல காலம் பிறந்தது

மூன்று வருஷம் ஜக்கரியா வாடகையை வாங்கி ஒழுங்காகக் காசிம் பாயிடம் கொடுத்தான். அதற்குள் வரி ஆபீசர் அவனைக் கூப்பிட்டு, துணி கிழிக்கிறவனுக்கு மாடி வீடு வாங்கப் பணம் ஏது என்று கேட்டுவிட்டார். பையன் நடுங்கிப்போய், "எல்லாம் மச்சான் பணம் சார்" என்று கக்கிவிட்டான். வீடு காசிம் பாயுடையதே, வாடகைக்கு அவர்தான் வரி கட்ட வேண்டும் என்று ஆர்டர் வந்தது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பாய், மறுபேச்சில்லாமல் கட்டும்! ஜொகராவின் வீடு உம்முடையது என்று சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கிறது. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் இந்த ஆர்டர் பேசும்" என்றேன். மனுஷருக்கு மூக்குமேல் கோபம் வந்தது: "எம் வூடு எம் வூடுன்னு சொல்ல சர்க்காரு என்னாத்துக்கு? அதுக்கு நான் வரி வேற அழுவணுமா?"

அல்வா

சில மாதம் ஆளைக் காணோம். பிறகு ஒருநாள் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். எனக்குத் தெரியாமல் வேறொரு ஆளைப் பிடித்து அப்பீல் போட்டு ஜெயித்திருக்கிறார். எப்படி ஜெயித்தார்? "அந்த வீட்டில் எனக்கு ஒரு பாத்தியதையும் இல்லை; பணம் மச்சானுக்கு நான் கொடுத்த அன்பளிப்பு" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்! பாதி விலைதானே எழுதியிருந்தது, தொகை வரம்புக்குள் அடங்கி அன்பளிப்பு வரியும் விழவில்லையாம்.

நகலை வாங்கிப் படித்தேன். "அடப்பாவி மனுஷா, ஜொகராவின் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீரே!" என்று கூவினேன். அவர் அல்வாவை என் பக்கம் தள்ளினார்: "வரி இல்லன்னு ஆயிப்போச்சு. கட்டு கட்டுன்னீங்களே, இப்ப என்னா சொல்றீங்க?"

வெள்ளையடிக்கப் போனவர்கள்

ஜொகராவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. வெள்ளையடிக்க ஆள் அனுப்பினால் வீட்டில் ஜக்கரியா குடித்தனம் இருக்கிறான். பெட்டி படுக்கை, பெண்டாட்டி பிள்ளையோடு. காசிம் பாய் கோர்ட்டுக்குப் போனார். இவர் சத்தியம் செய்த காகிதத்தையே அவன் வக்கீல் எடுத்து நீட்டினார். கேஸ் அதோடு படுத்துவிட்டது. வீடு இல்லை என்றதும் பரங்கிப்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். ஜொகரா என்ன பாவம் செய்தாள்? இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மனசு கேட்காமல் ஜவுளிக்கடைக்கே போய், "ஏண்டா, அக்கா மகள் வாழ்க்கையடா!" என்று கேட்டேன். ஜக்கரியா கையிலிருந்த கஜக்கோலைக் கீழே வைத்தான். கோபமே படவில்லை. "மச்சான் அல்லா மேல ஆணையா சொல்லியிருக்காரு சார், அது எனக்குக் குடுத்த வூடுன்னு. அவரைப் பொய்யரு ஆக்கச் சொல்றீங்களா?"

ஆக, வாடகையில் ஒரு துண்டுகூடச் சர்க்காருக்குப் போகக் கூடாது என்று போராடிய காசிம் பாய், முழு வீட்டையும் ஒரு நயா பைசா வரி பாக்கியில்லாமல் சுத்தமாகக் காப்பாற்றி மச்சானிடம் ஒப்படைத்தார்.