பொம்மைக் கோர்ட்டுக்கு வந்த பிரதிவாதி

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் வக்கீல் குமாஸ்தா வேலை பழகிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். மே மாத விடுமுறையில் காலியாகக் கிடந்த கோர்ட்டில், கற்பனை வழக்கு ஒன்றை நிஜம் போலவே நடத்திக் காட்ட வேண்டும். நாங்கள் அதைப் பொம்மைக் கோர்ட் என்போம். எங்களுக்குப் பாடம் நடத்திய வக்கீலே வழக்கை எழுதித் தந்தார். நீதிபதியாக உட்காரப் போவதும் அவர்தான். ஜெயிப்பவனுக்குத் தன் ஆபீசில் குமாஸ்தா வேலை என்று சொல்லியிருந்தார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக, என் நைனா கடைத்தெரு முழுக்க "எம் பையன் வக்கீல் ஆபீசுக்குப் போறான்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

வழக்கு ஒரு நிலத் தகராறு. நான் பிரதிவாதி பக்கம். பிரதிவாதியோ கற்பனை ஆள், வரப்போவதில்லை. டவாலி வாசலில் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவான். ஆள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது வாதி சொன்னதே தீர்ப்பு. ஆற்றில் வெள்ளம், என் கட்சிக்காரரால் வர முடியவில்லை, தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று நான் மனுப் போட்டு வாதாட வேண்டும். வெள்ளம்கூட வக்கீல் எழுதித் தந்ததுதான். மனுவை நெட்டுருப் போட்டிருந்தேன்.

அன்று உச்சிவெயில். உள்ளே எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. ராஜகிரி மலை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. வாதிப் பக்கத்து மாணவன் பிராதை உரக்கப் படித்தான். நிலத்தின் நாலெல்லையை அவன் வாசித்தபோது வராந்தாவில் யாரோ இருமினார்கள். வாட்ச்மேன் என்று நினைத்தோம்.

டவாலியாக நடித்தவன் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டான். மலை அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது. இரண்டாம் முறையும் சொன்னது. இல்லாத ஒருவனை மலை கூப்பிடுவது எனக்கு என்னவோ போலிருந்தது. மூன்றாம் முறை எதிரொலி வருமுன்பே, "இருக்கேனுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

டவாலி பின்வாங்கி என் மேல் மோதினான். ஒரு பெரியவர் தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் வழி காட்டவில்லை. நேராகக் கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கற்பனைக்கு வேர்க்குமா? அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

"பெரியவரே, அது உங்க பேரா?" என்று வாதிப் பக்கத்து மாணவன் கேட்டான்.

"இல்லீங்க. பேரு யாருதோ. நெலம் என்னுது. கெழக்க மலையடி, மேற்க ஓடை, தெக்க ரெட்டைப் புளியமரம், வடக்க சுடுகாட்டுப் பாதை. இன்னாத்துக்கு பொய் சொல்றேன்? அன்னிக்கி ஆத்துல வெள்ளம். வண்டி எறங்கல. நான் வந்து சேர்றதுக்குள்ள மூணு தடவ கூப்ட்டு முடிச்சிட்டாங்க. அன்னிலேர்ந்து இந்த வராந்தாவுலதான் வந்து ஒக்காந்திருக்கேன்."

எதிராளி வராததால் ஒரு வார்த்தை பேசாமல் தான் ஜெயித்த பழைய வழக்கு ஒன்றைப் பற்றி வக்கீல் எங்களிடம் அடிக்கடி பெருமை பேசுவார். சர்வே நம்பர் தப்பினாலும் நாலெல்லை தப்பக்கூடாது என்பதும் அவர் பாடம்தான். அந்த வழக்கையே எடுத்து, பேரையும் ஊரையும் நம்பரையும் மாற்றியிருக்கிறார். எல்லைகளையும் வெள்ளத்தையும் மட்டும் கைப்பழக்கம் அப்படியே எழுதிவிட்டது. அவர் முகம் வெளிறியதைப் பார்த்ததும் எனக்கு இது விளங்கிவிட்டது.

வக்கீல் காகிதத்திலிருந்து தலை தூக்கவில்லை. "பிரதிவாதியை மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை. எக்ஸ்பார்ட்டி" என்றார்.

பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்! அவர் எங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாரோ என்றுகூடப் பயந்தேன்.

"உன் மனுவைப் படி" என்றார் வக்கீல் என்னிடம்.

படித்தால் வேலை எனக்குத்தான். என் கட்சிக்காரர் வர முடியவில்லை என்ற முதல் வரி நாக்கு நுனியில் இருந்தது. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுவை மேசையில் வைத்துவிட்டேன்.

"ஐயா, பிரதிவாதி ஆஜர்" என்றேன்.

வக்கீல் எழுந்து பின்கதவு வழியாகப் போய்விட்டார். வேலை வாதிப் பக்கத்து மாணவனுக்குப் போனதும், நைனா கொஞ்ச காலம் கடைத்தெருப் பக்கமே தலைகாட்டாததும் பிறகு நடந்தவை.

பெரியவர் கூண்டிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். கைகூப்பினார்.

"ஆஜர்னு சொல்லிட்டீங்க தம்பி. அப்போ நெலத்துல எப்ப ஏர் பூட்டலாம்?"

இது விளையாட்டு என்று சொல்ல எங்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. நாங்கள் யோசிக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, துண்டை உதறி விரித்து முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வாட்ச்மேன் பூட்டுச் சாவியோடு வந்து நின்றபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.