துளையில்லாத குன்றிமணி

கைப்பேசியில் ‘எஸ்தர் அண்ணி’ என்று வந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நான், எடுத்த எடுப்பிலேயே, “சொல்லுங்க அண்ணி, இன்னைக்கு யார் வீட்டுச் சங்கதி?” என்றேன். மறுமுனையில் அண்ணன். “டேய், அவ போயிட்டாடா. செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தா…” காசு கொடுக்காத கத்தரிக்காயோடு பஸ் ஏறியிருக்கிறேன் என்பது சிட்லபாக்கத்தில் அண்ணன் வீட்டுக்கு இறங்கியபோதுதான் தெரிந்தது.

அண்ணியை, இந்த வட்டாரத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு ஏரிக்கரையில் நடக்கிறவராகத் தெரியும். சிலருக்குச் சபை விற்பனை விழாவின் ஊறுகாய் மேசையில் தெரியும். எனக்கும் அவருக்கும் இருந்த பொது வியாதி வம்பு. ஒரே வித்தியாசம், நான் கேட்டதையெல்லாம் தெருமுனைக்குள் சொல்லித் தீர்த்துவிடுவேன். அவர் சிலதை வெளியே விடவே மாட்டார். எவ்வளவு பெரியதை உள்ளேயே வைத்திருந்தார் என்பது அடக்கம் முடிந்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

பதின்மூன்று வருடங்களுக்கு முந்தைய ஒரு கோடை. அண்ணன் குடும்பம் கீழே, நாங்கள் மாடியில். பிள்ளைகள் டிவியை விட்டு நகரவில்லை என்று அண்ணி ஒரு திட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினார். காலையில் மூலிகை, மத்தியானம் கைவேலை, சனிக்கிழமை ரயிலேறி எங்காவது கிராமம். மொட்டை மாடியில் உடைந்த பக்கெட்டுகளில் தூதுவளையும் கற்பூரவல்லியும் நிலவேம்பும் முளைத்தன. கஷாயத்தின் முதல் தம்ளர் எப்போதும் எனக்குத்தான்.

“குடிச்சிட்டு அரை மணி நேரம் இங்கயே உட்காரு தம்பி. உனக்கு ஒண்ணும் ஆகலேன்னா பிள்ளைங்களுக்குக் கொடுக்கறேன்.”

“எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“அதுக்குத்தான் மெர்சி இருக்காளே, அழுதுப்பா.”

மெர்சி என் மனைவி. அப்போது அவள் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் ஆர்வம் இருந்ததாக எனக்கு இன்றும் சந்தேகம்.

ஒரு சனிக்கிழமை கூடுவாஞ்சேரி தாண்டி ஓர் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே ஒரு வேலி முழுக்கக் குன்றிமணிக் கொடி. காய்ந்த காய்கள் வெடித்து, சிவப்பும் கறுப்புமாக விதைகள். கைக்குட்டை நிறைய நான் பறித்தேன். அண்ணி பார்த்ததும், “விஷம் தம்பி அது, போட்டுடு” என்றார். “முழுசா முழுங்கினா அப்படியே வெளிய வந்துடும் அண்ணி” என்றேன், சித்த மருத்துவரின் பேரன் மாதிரி. எங்கள் தாத்தா தபால்காரர். “ஓட்டை போட்டா?” என்றார் அண்ணி. நான் மூட்டையைப் பைக்குள் திணித்தேன்.

புதன்கிழமை அவர் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். விதைகளை ஊறவைத்து, தையல் ஊசியால் துளை போட்டு, ஒரு கைவளையம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பிள்ளைகளைக் கவர வேறு வழி எனக்குத் தெரியாது. இருபத்தேழு மணிகளில் துளை போட்டுத் தட்டில் வைத்துவிட்டு நூல் தேடப் போனேன். திரும்பியபோது வாசலில் அண்ணி. தட்டைப் பார்த்தார். பக்கத்தில் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்த என் மகள் ஷீபாவைப் பார்த்தார். ஐந்து வயது. வாயெல்லாம் சிவப்பு.

“எத்தனை போட்ட?”

“இருபத்தேழு.”

எண்ணினார். மறுபடி எண்ணினார். இருபத்தாறு.

“ஷீபாக் கண்ணு, இதை முழுங்கினியா?”

“ஆமா.”

மெர்சி அலறினாள். “பொய் சொல்லாதடி! யானையை முழுங்கினியா?” என்று நான் கத்தினேன். அதற்கும் “ஆமா” என்றாள் குழந்தை. வாழ்நாளில் நான் சொன்ன நகைச்சுவைகளில் யாரும் சிரிக்காதது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், துளை போட்ட விதை என்றதும் பேனாவை மூடி வைத்தார். முழுசாக விழுங்கினாலும் துளை வழியாக விஷம் இறங்கும். சில நாள் பார்க்க வேண்டும் என்றார். குழந்தை ஒரு தும்மல் போட்டால் நான் நர்ஸைத் தேடி ஓடினேன்.

வீட்டைப் பெருக்கித் தேடுகிறேன் என்று போன அண்ணி சாயங்காலம் திரும்பி வந்தார். முதலில் டாக்டர் அறைக்குப் போனார். பிறகு எங்களிடம் வந்து உள்ளங்கையைத் திறந்து, மூடினார். சிவப்பு, கறுப்பு.

“பீரோ அடியில கிடந்துச்சு. பயப்படற வேலையை என்கிட்ட விட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிங்க.”

அதை மருந்துக்கடை பில்லில் மடித்து என்னிடம் கொடுத்தார். “பிரிக்காம தூக்கிப் போட்டுடு.” நாங்கள் டீ குடித்தோம். நான் பஜ்ஜியும் தின்றேன். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று டாக்டர் மூன்று நாள் வைத்துக்கொண்டார். ஷீபாவைக் கக்கூசுக்கு அண்ணிதான் கூட்டிப்போனார், மெர்சியைக்கூட விடவில்லை. பெரியம்மா பாசம் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்துவிட்ட பிறகும் நர்ஸ் ஏன் மணிக்கொரு தடவை வந்து பார்க்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஷீபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பொட்டலத்தை நான் தூக்கிப் போடவில்லை. எங்கே போட்டாலும் இன்னொரு குழந்தை எடுத்துவிடுமே என்ற பயம். சேலையூருக்கு வீடு மாறியபோதும் பீரோ லாக்கரோடு அது வந்தது. பிரித்துப் பார்க்கவும் பயம். அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம், அண்ணியின் கை பட்ட ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றி, பில்லைப் பிரித்தேன்.

விதையில் துளை இல்லை.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இல்லை. அண்ணனை அழைத்துக் கேட்டேன்.

“உன் கைக்குட்டையில மிச்சம் இருந்துச்சேடா, அதுல ஒண்ணு.”

“அப்போ அந்த இருபத்தேழாவது?”

“கக்கூஸ்ல கூடத் தேடிப் பாத்தா, கிடைக்கவே இல்ல. டாக்டர்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னா. நீ மயங்கி விழுந்தா உன்னையும் சேர்த்துப் பாத்துக்கணும்னு சொன்னா. மூணு நாளும் கண்ணை மூடலடா அவ.”

குழந்தை அதை விழுங்கினாளா, அல்லது அது ஏதாவது ஒரு பொந்தில் உருண்டு போனதா, யாருக்கும் தெரியாது. நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது என் மகள் அந்த ஆபத்தில் இருந்திருக்கிறாள். ஷீபாவின் அறைக்குப் போனேன். கல்லூரிக்குப் போகிற பெண், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா?”

“வாயைத் திற.”

“ஐயோ அப்பா, எதுக்கு?”

“திறடி.”

திறந்தாள். பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி தந்தவற்றில் என்னிடம் இருப்பது இந்த ஒரு விதையும், அவர் எனக்குத் தராமல் வைத்திருந்த மூன்று நாள் பயமும். அந்தப் பயம் எனக்கு உரியது. இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. மெர்சி டீ போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். நான் எழுந்து போகவில்லை.