பட்டுப்பாவாடை கட்டிய இடைச்சி

கலைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே ரத்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அதற்கு முன் நான்கு வருடம், இந்த வெளிநாட்டுக்கு வந்ததிலிருந்து, ஒரு தொழிற்சாலையில் ஆட்டுத்தோல் கழுவியவள். சொந்த ஊர் யாழ்ப்பாணம்.

சிரிக்கவைத்தது, 1996இல் ஐரோப்பாவிலிருந்து கண்காட்சிக்கு வந்த ஓர் ஓவியம். நீலப் பட்டுப்பாவாடையும் வெள்ளைச் சப்பாத்துமாக ஓர் இடைச்சி மரத்தடியில் சாய்ந்திருந்தாள். ஒருவன் குழல் ஊதினான். சுற்றிலும் பஞ்சுபஞ்சாக ஆடுகள். ரத்னா ஆடுகளின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு அழுக்கில்லை. வாயைப் பொத்தினாள்; சிரிப்பு மூக்கால் வந்தது.

“என்னக்கா ஆச்சு?” என்று ஓடிவந்தாள் தேவதர்ஷினி. சென்னையிலிருந்து படிக்க வந்தவள். ஞாயிறுகளில் பார்வையாளர்களுக்குப் படங்களை விளக்குபவள்.

“ஆடு தானாக் குளிச்சு வந்து நிக்குது, பிள்ளை.”

தேவதர்ஷினியும் சிரித்தாள். “இதை வாங்கினவங்க பெரிய நிலக்காரங்க. தங்களோட நிலத்துல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு சுவத்துல பார்த்துக்கணும். அதான் யாருமே வேலை செய்யல.”

“ஓம், ஒருத்தற்ர கையிலயும் காய்ப்பில்லை.”

அந்த ஞாயிறு தேவதர்ஷினிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவள் ரத்னாவின் முதுகில் கைவைத்து முன்னே தள்ளிவிட்டாள்.

ரத்னா ஓவியத்தின் பக்கத்தில் போய் நின்றாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினாள். உண்மையான ஆட்டுத்தோல் எப்படி நாறும், எத்தனை தண்ணீரில் அழுக்குப் போகும் என்று கைகளால் கழுவிக் காட்டினாள். முன்வரிசையில் நின்ற பண்ணைக்காரக் கிழவி ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சு தானாக ஓடியது.

“பிறகு ஏன் இது நமக்குப் பிடிக்கிறது?” என்று ஒருவர் கேட்டார்.

“எனக்கும் ஒரு நாள் இப்படிப் படுத்திருக்க ஆசைதான்,” என்றாள் அவள். “அன்றைக்கு என் வேலையை வேறு யாராவது செய்யவேண்டும். இவளுடைய வேலையைச் செய்தவர்களை ஓவியர் வரையவில்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

திங்களன்று பொறுப்பாளர் கூப்பிட்டபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். கண்காட்சி முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பேசமுடியுமா என்று கேட்டார்.

வீட்டில் கணவர் தவராசா நம்பவில்லை. “சும்மா நிக்கிற வேலை எண்டல்லோ சொன்னீர்?”

“நிண்டு பாத்தன். சும்மா நிக்க ஏலேல்லை,” என்றாள் ரத்னா. அன்றிரவு சோற்றில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். இருவரும் அதையும் சிரித்துக்கொண்டே தின்றார்கள்.