காற்று வரும் குழாய்க்கு ரசீது

நகராட்சிக்குக் குடிநீர் வரி வசூலிக்க ஒருவர் சேத்தூரிலிருந்து பைக்கில் வருவார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் மை கசிந்திருக்கும். ரசீது எழுதுமுன் வாசல் குழாயைத் திறந்து பார்ப்பது அவர் பழக்கம். எங்கள் தெருவில் பெரும்பாலும் காற்றுதான் வரும். பார்த்துவிட்டும் ரசீதை எழுதுவார்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "தண்ணி வரலைன்னு பாத்துட்டுமா வரி கேக்கீய?"

"நீங்களும் கட்டலைன்னா மோட்டாருக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுவா, அண்ணாச்சி?"

தெருமுனைக் கல்யாண மண்டபத்தைக் காட்டினேன். "அங்க மட்டும் போகவே மாட்டேங்கீயளே?"

"அங்க தண்ணி நல்லா வருது. வரிதான் வராது. எனக்கு முன்ன போய்க் கேட்டவரை ஊரு மாத்திட்டாவ."

பணத்தைக் கொடுத்தேன். கிளம்பும்போது, சொட்டுக்கூட வராத எங்கள் குழாயை இறுக்கி மூடினார். எதை மிச்சம் பிடித்தாரோ, இன்றுவரை விளங்கவில்லை.