ஊரே நோன்பிருந்த வாரத்தில் வந்த விருந்தாளி

கண்டியில் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்தால், நீங்கள் வாய் திறப்பதற்குள் ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவார்கள். வடை இருக்கும், பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டி இருக்கும், வாழைப்பழம் இருக்கும். நீங்கள் கேட்கவில்லை; இங்கே யாரும் கேட்பதில்லை. வேண்டியதைத் தின்றுவிட்டு எழுந்தால், தட்டில் குறைந்ததற்கு மட்டும் காசு வாங்கிக்கொள்வார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இறங்கிய அன்று எனக்கு இந்த வழக்கம் தெரியாது. ஆகா, இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் எத்தனை தாராள மனசு என்று உருகிப்போய், அன்பாக வைத்ததை மிச்சம் வைத்தால் மனம் கோணுவார்களே என்று தட்டையே வழித்துவிட்டேன். முழுத் தட்டுக்கும் காசு கேட்டபோது என் மூக்கு உடைந்தது. விருந்து எது, வியாபாரம் எது என்று இந்த ஊரில் பிரித்துச் சொல்ல இன்னும் எனக்குப் பழகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் குமாஸ்தாவாக வேலை செய்யும் கொக்கோ ஸ்டோருக்கு வெளிதேசத்து விருந்தாளிகள் வரும்போதெல்லாம், அவர்களை எங்கே சாப்பிடக் கூட்டிப்போவது என்ற கேள்வி என் தலையில்தான் விடிகிறது. குண்டசாலை, பல்லேகல பக்கத்துத் தோட்டங்களில் விளையும் கொக்கோ எங்கள் ஸ்டோரில்தான் காய்ந்து, தரம் பிரித்து, கப்பலுக்குப் போகிறது. அதை வாங்குகிற வெள்ளைக்காரர்கள் எப்போதாவது மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வருவார்கள். மரத்தைப் பார்ப்பதற்கு அரை நாழிகை போதும். அப்புறம் அவர்களுக்குப் பசிக்கும். அங்கேதான் என் கஷ்டம் ஆரம்பம்.

இந்தத் தொல்லை முதன்முதலில் எனக்கு வந்தது இருபதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாதத்தில். பெல்ஜியம் தேசத்தில் சாக்லேட் செய்கிற ஒரு துரையும் அவருடைய துரைசாணியும் வரப்போவதாகச் சேதி வந்தது. எங்கள் பெரிய துரை என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, விருந்தாளிகளுக்கு ஹோட்டல் வேண்டாமாம். இந்த ஊர்ச் சாப்பாடும் இந்த ஊர் மதுவும்தான் வேண்டுமாம். சனிக்கிழமை சாயங்காலம். நீயே பார்த்துக்கொள்.”

நான் சைவன். மாமிசமும் தொட்டதில்லை, மதுவும் தொட்டதில்லை. கண்டிக்காரனும் இல்லை. இத்தனை தகுதிகளையும் வைத்துக்கொண்டு “சரி சார்” என்றேன். சொல்லாமல் என்ன செய்வது? அறையை விட்டு நான் வெளியேறும்போது அவர் தலையைத் தூக்காமலே இன்னொன்றும் சொன்னார்: “குவார்ட்டர்ஸ் விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.”

அந்த ஒரு வார்த்தைக்காக நான் விஷத்தைக்கூட ருசி பார்த்திருப்பேன். குண்டசாலை ஸ்டோருக்குப் பின்னால், ஸ்டோர் கீப்பருக்கென்று ஓட்டு வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. அது கிடைத்தால் என் மனைவி கோமதியையும் மகளையும் கண்டிக்குக் கூட்டிவந்துவிடலாம். அதுவரை நான் இருந்ததோ, பாய் விரித்தால் கால் நீட்ட இடமில்லாத கடைத்தெரு மாடியறை. உடன் இன்னும் இரண்டு குமாஸ்தாக்கள். மகள் பிறந்தபோது நான் இங்கே இருந்தேன். அவள் நடை பழகியதும் பேச்சுப் பழகியதும் எனக்குக் கடிதத்தில்தான் வந்து சேர்ந்தன. எந்தத் தகப்பனுக்கும் அது போதாது.

ஆகவே விருந்து தேடிக் கிளம்பினேன். முதலில் வத்தேகமவில் என் சிநேகிதர் சூசைப்பிள்ளை வீடு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்; கத்தோலிக்கர். அவர் மனைவி மரியம்மா நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, அன்னாசிப்பழத்தில் வைன் போடுவது அந்தப் பக்கமெல்லாம் பிரசித்தம். வீட்டில் கோழிக்கறியும் மணக்கும். வேலை முடிந்தது என்று துள்ளிக்கொண்டுதான் போனேன்.

“என்னங்க பிள்ளை, தபசு காலத்துல வந்து வைன் கேக்குறீங்க?” என்றார் சூசைப்பிள்ளை. “பாஸ்காத் திருநாள் வரைக்கும் இந்த வீட்டுல கறியும் இல்ல, போத்தலும் இல்ல. மீறினா இவ என்னையத் தின்னுருவா.”

மரியம்மா சிரிக்கவில்லை. “நாங்க குடிக்க மாட்டோம். வந்தவங்க குடிச்சா பாவம் அவங்களோடது. ஒரு போத்தல் தாறேன், கொண்டு போங்க. இங்க கூட்டிட்டு மட்டும் வராதீங்க” என்று ஒரு போத்தலைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். மது கிடைத்துவிட்டது, சாப்பாடு கிடைக்கவில்லை.

அடுத்து, எங்களுக்குக் கொக்கோ விற்கும் காசீம் ஹாஜியார். கண்டிக் கடைத்தெருவில் அவருக்குப் பெரிய வீடு. அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஊரில் பேசாதவர்கள் கிடையாது. வாசலில் கால் வைத்தபோதே எனக்குச் சுருக்கென்றது. அவர்களுக்கு நோன்பு மாதம் பாதி நடந்துகொண்டிருந்தது. சரி, சிங்களவர் வீடுகளிலாவது பார்க்கலாம் என்றால், அந்தச் சனிக்கிழமை போயா என்கிற பௌர்ணமி தினம். வெள்ளை உடுத்துச் சில் என்கிற விரதம் எடுத்தவர்கள் நடுப்பகலுக்குப் பிறகு எதையும் மெல்ல மாட்டார்கள். குண்டசாலைப் பக்கம் கித்துள் மரத்துக் கள் விற்ற தவறணையையோ ஊரார் கூடி வாக்குப்போட்டு முன்பே மூடிவிட்டார்கள். பாருங்கள் என் அதிர்ஷ்டத்தை. நாலு சாதி, நாலு மதம் உள்ள ஊர். வருஷம் முழுதும் யார் வீட்டிலாவது விருந்து நடந்துகொண்டே இருக்கும். வெள்ளைக்காரன் சாப்பாடு கேட்டு வந்த வாரத்தில் மொத்த ஊரும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்த பாவி நான் ஒருவன்தான்.

வாசலிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்த என் முகத்தைப் பார்த்ததும் ஹாஜியார் விஷயத்தைக் கறந்துவிட்டார். “இதுக்கா தம்பி இப்பிடி வாடிப்போய் நிக்கிறீங்க? நோம்பு தொறக்குற நேரத்துக்குக் கூட்டிட்டு வாங்க. எங்க ஊட்டுல அப்பத்தான் நல்ல சாப்பாடே. உங்களுக்கு வேற சட்டியில எறச்சி போடாத கஞ்சி காச்சச் சொல்றேன்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழாத குறை.

சனிக்கிழமை வந்தது. பெல்ஜியம் துரை நல்ல மனுஷர்தான். சிவந்த முகம், பெரிய மீசை. இங்கிலீஷை அவரும் இரவல் வாங்கித்தான் பேசினார், நானும் இரவல் வாங்கித்தான் பேசினேன். ஸ்டோர் மோட்டாரில் மகாவலிப் பாலம் தாண்டும்போது, ஊர் மது எங்கே என்று கேட்டார். இதோ, ஸீட்டுக்கு அடியில் என்று பெருமையாகச் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

ஹாஜியார் வீட்டு வாசலில் இறங்கியதுமே துரைசாணியைப் பெண்கள் உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். நாங்கள் முன்கூடத்துப் பாயில் ஹாஜியாரோடும் அவர் தம்பிமாரோடும் உட்கார்ந்தோம். நடுவில் பேரீச்சம்பழம், கோப்பைகளில் கஞ்சி, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். யாரும் கை நீட்டவில்லை. துரை இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “மோட்டாரில் இருப்பதைக் கொண்டுவரச் சொல்லும். சாப்பாடு ஆறுகிறது” என்றார்.

ஒரு பக்கம் ஓட்டு வீடு, கோமதி, மகள். இன்னொரு பக்கம் எனக்கென்று தனிச் சட்டியில் கஞ்சி காய்ச்சி வைத்த மனுஷர். அதுவும் அவர் நோன்பிருக்கும் மாதம். வெள்ளைக்காரரிடம் அதுவரை நான் ‘முடியாது’ என்று சொன்னதே இல்லை. “இந்த வீட்டில் அது முடியாது, சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. சரி, இதையாவது தின்போம் என்பதுபோல அவர் பேரீச்சம்பழத்தை எடுக்கப் போனார். எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எடுக்கவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது. குவார்ட்டர்ஸ் போயிற்று, வேலையும் போயிற்று, அடுத்த கப்பலில் ஊர்தான் என்று நினைத்தேன்.

ஹாஜியார் மெதுவாகச் சொன்னார்: “உடுங்க தம்பி. அவருக்கு நோம்பா என்ன? எங்களுக்குத்தான் நோம்பு. விருந்தாளி பசிச்சா தின்னட்டும்.”

அந்த வீட்டுக்காரருக்கே இல்லாத கண்டிப்பு, பிழைக்க வந்த எனக்கு எங்கிருந்து வந்தது? அடுத்தவர் வீட்டு ஆசாரத்தை வீட்டுக்காரரை விடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது எங்களைப் போன்றவர்களின் வியாதி. எங்கே தப்பு செய்து வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பயந்து பயந்தே நாங்கள் எல்லா மதத்துக்கும் பட்டினி கிடப்போம்.

கையை எடுத்துவிட்டு, விஷயத்தைத் துரையிடம் விளக்கிச் சொன்னேன். விடியற்காலையிலிருந்து இவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பாங்கு சொல்வதற்காகக் காத்திருக்கிறார்கள், நீங்கள் சாப்பிடலாமாம் என்றேன். அவர் கூடத்தைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கட்டிக்கொண்டார். பாங்கு கேட்டதும் எல்லோரும் ஒன்றாகப் பழத்தை எடுத்தோம். கஞ்சியை இரண்டு கோப்பை வாங்கிக் குடித்தார். வட்டிலப்பத்தை எத்தனை தடவை வாங்கினார் என்று நான் பார்க்கவில்லை. என் கஞ்சி எனக்கு அமிர்தமாக இருந்தது. வைன் என்ற பேச்சே எழவில்லை.

திரும்பும் வழியில் மோட்டாரை ஆற்றங்கரையில் நிறுத்தி, மரியம்மாவின் போத்தலை அவரே திறந்தார். ஒரு மடக்குக் குடித்தார். கண் இரண்டும் மூடிக்கொண்டன. நத்தார் போய் எத்தனை மாதம் ஆயிற்று. அன்னாசி வைன் நல்ல காடியாகியிருக்க வேண்டும். துரைசாணி முகர்ந்து பார்த்ததோடு சரி. துரை மீசையைத் துடைத்துக்கொண்டு, “மிகவும் இந்த ஊர்த்தனமாக இருக்கிறது” என்று மரியாதையாகச் சொன்னார். போத்தலில் மிச்சமிருந்ததை மகாவலி குடித்தது.

திங்கட்கிழமை பெரிய துரை கூப்பிட்டார். முகம் நிறையச் சந்தோஷம். “விருந்தாளிகள் உன்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டார்கள், பிள்ளை. எந்த மதத்து வீட்டுக் கதவும் உனக்குத் திறக்கிறதாம். இப்படி ஒரு அசல் கண்டிக்காரனைப் பார்த்ததே இல்லை என்றார் அவர்.”

நான் நின்ற இடத்திலேயே பூரித்துப்போனேன். மனசுக்குள் அந்த ஓட்டு வீட்டில் கோமதி அடுப்பு மூட்டிவிட்டாள்.

“குவார்ட்டர்ஸ் விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. அதைத் தீர்த்துவிட்டாய்” என்றார் துரை. “யாழ்ப்பாணத்திலிருந்து புது ஸ்டோர் கீப்பர் வருகிறார். அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. வெளியூர்க்காரனுக்குத்தானே வீடு வேண்டும்? உனக்கு ஊரெல்லாம் வீடு.”

நான் வெளியூர்க்காரன்தான் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அரை நிமிஷமாக அசல் கண்டிக்காரனாக இருந்த மயக்கத்தில் நாக்கு எழவில்லை. அடுத்த வாரம் புதியவர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். “ஓம், நல்ல வீடு. நீங்கள் உள்ளூர் ஆள்தானே, நல்ல பால்காரன் எங்கை எண்டு சொல்லுங்கோ” என்றார். சொன்னேன். எரிச்சலில் அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஊரோடு சேர்ந்து நானும் ஒரு நாள் நோன்பிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குச் சில வருஷம் கழித்து வாக்குரிமை வந்தது. பெயர் எழுதிக்கொள்ள வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு இந்தியாதானே? எப்ப திரும்பிப் போறீங்க?” என்றார். வீடு கேட்டால் நான் உள்ளூர்க்காரன். வாக்குக் கேட்டால் வெளியூர்க்காரன். இரண்டு பக்கமும் என்னை நன்றாக விசாரித்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். குற்றம் சொல்ல இடமில்லை.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ரயில் ஏறியதிலிருந்து கோமதியின் கூட்டாஞ்சோறுதான் நினைவு. முருங்கைக்கீரையும் மாங்காயும் போட்டு அவள் கிண்டுகிற கூட்டாஞ்சோற்றுக்கு ஈடாக இந்தத் தீவில் ஒன்றும் கிடையாது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இலையில் இடியாப்பம், சிவக்கச் சிவக்க அரைத்த தேங்காய்ச் சம்பல், வெளிர் மஞ்சளாகத் தேங்காய்ப்பால் விட்ட ஒரு காய்க்கறி.

“கண்டியிலேருந்து வந்த பொம்பளை ஒருத்திகிட்ட கேட்டுப் படிச்சேன்” என்றாள் கோமதி. “சம்பல்ல மாசிக் கருவாடு போடுவாவளாம். அது நமக்கு ஆகாதுன்னு விட்டுட்டேன். உங்க ஊர்ச் சாப்பாடு இல்லாம உங்களுக்குச் செரமமா இருக்கும்லா?”

என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட மகள், கதவோரத்தில் நின்று, நான் வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. பிறகு அவர்கள் அடுக்களைக்குள் போய், தங்களுக்கென்று கிண்டி வைத்திருந்த கூட்டாஞ்சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதன் மணம் நான் இருந்த இடம்வரை வந்தது. எனக்கும் ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்க ஏனோ கூச்சமாக இருந்தது.